படிப்பும் தலையெழுத்தும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



வாசகசாலை ஆண்டு விழாவில் கல்வியைப்பற்றிப் பேசவேண்டுமென்று கேட்டுக்கொண்டீர்கள். கல்வியின் பெருமையைப்பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கல்வி கண்ணைப் போன்றது, செல்வத்தைப் போன்றது என்றெல்லாம் நம்மவர்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் பாடிக்கொண்டேதான் இருந்தார்கள். அப்படிப் பாடிய தேசத்திலே 1951ஆம் வருஷத்து ஜனக்கணக்கு எடுத்தபோது 100க்கு 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. பெண்களில் 100க்கு 9 பேர்கூட இல்லை. ஆகவே பெருமையைப் பேசினதால் யாருக்கும் படிப்பு வந்துவிடவில்லை. படிப்பு யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்பதைத்தான் நாம் பார்க்கவேண்டும். நான் சொல்லுவது சரியா தப்பா என்பதை நீங்களே எடைபோட்டுப் பார்த்து, சரியென்று தோன்றினதை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

நம்முடைய கிராமத்துப் பெரியவர் ஒருவரைப் பார்த்து, "ஐயா, உங்கள் மகன் ஏன் படிக்கவில்லை?" என்று கேட்டால், "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்கிறார். பெண்ணைப்பற்றிக் கேட்டால் அந்தப் பதிலும் கிடையாது. "பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார். இந்தத் தலையெழுத்து என்பதைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போம்.

2011ஆம் வருஷத்துக் கணக்குப்படி இந்தியா முழுவதும் 100க்குச் சுமார் 73 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். கேரளத்தில் 94 பேர். பீகாரில் 62 பேர். பீகார்ப் பெண்களிலோ பாதிக்குக் கொஞ்சம் மேலே. தலையில் எழுதுகிறவன் ஒருவன் இருப்பது உண்மையானால், அவன் மலையாளத்தில் பிறக்கிற பிள்ளைக்கு ஒரு பேனாவும், பாட்னாவில் பிறக்கிற பிள்ளைக்கு ஒரு பேனாவுமாக வைத்துக்கொண்டா எழுதுகிறான்? ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணனுக்கு ஒரு விதமாகவும் தங்கைக்கு ஒரு விதமாகவும் எழுதுகிறானா? இந்தியா முழுவதிலும் ஆண்களில் 100க்கு 81 பேர் படித்திருக்க, பெண்களில் 65 பேர்தான் படித்திருக்கிறார்கள் என்றால், இந்தப் பதினாறு பேர் வித்தியாசத்தைச் செய்தது எந்தத் தெய்வம்? ஆகையால் இது தலையெழுத்தல்ல. மனிதன் செய்த ஏற்பாடு. மனிதன் செய்ததானால் மனிதனால் மாற்றவும் முடியும்.

கேரளத்தார் நம்மைவிட நல்லவர்களாகவோ, சாதி இல்லாதவர்களாகவோ இருந்து முன்னுக்கு வந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தொட்டால் தீட்டு என்பதோடு நில்லாமல், இத்தனை அடிக்குள் வந்தாலே தீட்டு என்று தூரத்தை அளந்துவைத்திருந்த தேசம் அது. அங்கே புலையர் வகுப்பில் பிறந்த அய்யன்காளி என்பவர், தமக்கே எழுத்துத் தெரியாதவர், சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்திலே ஒரு காரியம் செய்தார். "எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளாவிட்டால் உங்கள் வயலில் இறங்கமாட்டோம்" என்று தம் மக்களை வேலைநிறுத்தம் செய்யச் சொன்னார். கூலி உயர்வை மாத்திரம் கேட்டு நடந்த வேலைநிறுத்தங்களைப்பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டு வயல்களைத் தரிசாகப் போட்டவர்கள் அந்த மக்கள். சர்க்கார் உத்தரவு போட்ட பிறகுகூட, பஞ்சமி என்கிற ஒரு சிறு பெண்ணை ஊரூட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்கு அவர் அழைத்துக்கொண்டு போனபோது, மேல்சாதிக்காரர்கள் அந்தப் பள்ளிக்கூடத்தையே கொளுத்திவிட்டார்கள். அவ்வளவும் பட்ட பிறகுதான் இன்றைய 94. அங்கே படிப்பு மழையைப் போலத் தானாக வந்து பெய்துவிடவில்லை.

இனி, மற்ற இடங்களில் ஏன் இவ்வளவு காலம் பிடித்தது என்று பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மெக்காலே துரை 1835இல் எழுதிவைத்த யோசனை என்ன? எல்லோருக்கும் படிப்புச் சொல்லிக்கொடுக்கப் பணம் இல்லை, மேலே உள்ள கொஞ்சம் பேருக்குச் சொல்லிக்கொடுப்போம், அவர்களிடமிருந்து அது கீழே உள்ளவர்களுக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கும் என்பது. மேலே ஊற்றினது கீழே இறங்கினதா? ஏற்கனவே படிப்பைத் தங்கள் சொத்தாக வைத்திருந்தவன் புதுப் படிப்பையும் சேர்த்து வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டான். 1882இல் ஹண்டர் கமிஷன் வந்தபோது, பூனாவில் தம் மனைவி சாவித்திரிபாயோடு சேர்ந்து 1848இலேயே பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்த ஜோதிராவ் பூலே, அந்தக் கமிஷனுக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார். சர்க்காருக்கு வருகிற வரியில் பெரும்பாகம் குடியானவனுடைய நெற்றி வியர்வையிலிருந்து வருகிறது, செலவாகிறதோ மேல்வகுப்பார் படிப்புக்கு, ஆகவே முதலில் பாமர மக்களுக்கு ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாகக் கொடுங்கள் என்பதே அதன் சாரம். எவ்வளவு நியாயமான கேள்வி! எருக் கொட்டினவன் ஒருவன், அறுத்துக்கொண்டு போகிறவன் வேறொருவன் என்றால் கேட்கமாட்டானா?

பரோடா மகாராஜா தம் சமஸ்தானம் முழுவதிலும் 1906இல் கட்டாய ஆரம்பக் கல்வி கொண்டுவந்தார். கோலாப்பூர் சாகு மகாராஜா 1917இல் கொண்டுவந்தார். இரண்டு சமஸ்தானங்களால் முடிந்த காரியம், உலகத்தையே ஆண்ட வெள்ளைக்கார சர்க்காரால் முடியவில்லையாம்! கோகலே 1911இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். அதுவும் எல்லா ஊருக்கும் அல்ல. இஷ்டப்பட்ட ஸ்தல ஸ்தாபனங்கள் செய்துகொள்ளலாம் என்கிற அளவுக்குத்தான். 1912இல் அதற்கு ஆதரவு 13 ஓட்டு, எதிர்ப்பு 38 ஓட்டு. எதிர்த்தவர்களில் வெள்ளைக்கார அதிகாரிகள் மாத்திரம் இருக்கவில்லை. நம்முடைய ஜமீன்தார்களும் இருந்தார்கள். பண்ணையாள் மகன் படித்துவிட்டால் பண்ணை வேலைக்கு யார் வருவார்கள் என்பது அவர்களுடைய கவலை. அந்நியன் ஆட்சியில் வெள்ளைக்காரனும் ஜமீன்தாரும் ஒரே பக்கம் கை தூக்கின விஷயங்களில் இது ஒன்று.

நிற்க, சுயராஜ்யம் வந்தது. 1950இல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. அதில் 45ஆவது பிரிவில், பத்து வருஷத்துக்குள் 14 வயது வரையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி கொடுக்க சர்க்கார் முயற்சி செய்யவேண்டும் என்று போட்டார்கள். பத்து வருஷம் என்றால் 1960. அதைக் கோர்ட்டில் போய்க் கேட்க முடியாத பகுதியில் வைத்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? 1993இல் சுப்ரீம் கோர்ட்டு, கல்வி என்பது உயிர்வாழும் உரிமையோடு சேர்ந்தது என்று சொன்னது. 2002இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2009இல் கல்வி உரிமைச் சட்டம் செய்தார்கள். அது அமலுக்கு வந்த நாள் 2010ஆம் வருஷம் ஏப்ரல் 1. பத்து வருஷத்தில் கொடுப்பதாகச் சொன்ன உரிமை சட்டமாக வந்து சேர அறுபது வருஷம் ஆயிற்று. 1950இல் ஆறு வயதாயிருந்த பிள்ளை, பேரன் பேத்தி எடுத்துக் கிழவனான பிறகு, "உனக்குப் படிக்க உரிமை உண்டு" என்று சட்டம் வந்து கதவைத் தட்டுகிறது!

பணம் இல்லை என்பார்கள். 1964 முதல் 1966 வரையில் வேலை பார்த்த கோத்தாரி கமிஷன், தேச வருமானத்தில் 100க்கு 6 பங்கு கல்விக்குச் செலவிடவேண்டும் என்று சொன்னது. 1968இல் வந்த கல்விக் கொள்கை 6 என்றது. 2020இல் வந்த கல்விக் கொள்கையும் அதே 6 என்றது. அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த ஆறு, காகிதத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கரை வந்து சேர்ந்த பாடில்லை. அதே கோத்தாரி கமிஷன் மற்றொன்றும் சொன்னது. பணக்காரன் பிள்ளையும் ஏழை பிள்ளையும் அக்கம்பக்கத்துப் பொதுப் பள்ளியிலேயே ஒன்றாகப் படிக்கவேண்டும் என்பது அது. 6 பங்கையாவது வாயால் சொல்லுகிறார்கள். இதை வாயாலும் சொல்லுவதில்லை.

நம்முடைய தமிழ் நாட்டின் கதையையும் கேளுங்கள். 1920இல் சென்னைக் கார்ப்பரேஷன், தியாகராயச் செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட ஆரம்பித்தது. வயிறு காய்கிறவனுக்கு வாய்ப்பாடு ஏறாது என்பதை அன்றே கண்டுகொண்டார்கள். 1953இல் முதல் மந்திரி ராஜகோபாலாச்சாரியார் கிராமப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று திட்டம் போட்டார். வண்ணான் மகன் வெளுக்கவும், சக்கிலி மகன் செருப்புத் தைக்கவும், குருக்கள் மகன் மந்திரம் சொல்லவும் கற்றுக்கொள்ளவேண்டும் என்பதுதானே அதன் முடிவு? மக்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய கிளர்ச்சி நடந்தது. 1954இல் காமராஜர் வந்தார், அந்தத் திட்டம் போயிற்று. 1956இல் எட்டயபுரத்தில் மத்தியானச் சாப்பாட்டுத் திட்டம் ஆரம்பமாகி நாடெங்கும் பரவிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். 2022இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. மத்திய சர்க்கார் 1995இல்தான் இந்த வழிக்கு வந்தது. எல்லா மாகாணங்களும் சமைத்த சோறே போடவேண்டுமென்று 2001இல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட வேண்டியிருந்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது? பிள்ளை பள்ளிக்கூடம் வரவில்லையென்றால் அதன் புத்தியில் கோளாறு தேடாதே, வயிற்றைப் பார், வழியைப் பார், வீட்டைப் பார் என்பது தெரிகிறது.

வழி என்று சொன்னேன். பீகார் சர்க்கார் 2006இல் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. பிறகு ஆராய்ச்சிக்காரர்கள் போய்க் கணக்குப் பார்த்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேருவது 100க்கு 32 பங்கு உயர்ந்திருந்தது. அந்தப் பெண்களின் தலையெழுத்து இரண்டு சக்கரத்தில் மாறிவிட்டது! பள்ளிக்கூடம் தூரத்தில் இருந்ததும், தனியே நடந்து போகப் பயந்ததுமே காரணமேயொழிய, பெண்புத்தி காரணம் அல்ல.

இப்போது சிலர் சொல்லுகிறார்கள், "அதெல்லாம் பழைய கதை, இன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கின்றன" என்று. பெயர் பதிவில் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் பெயர் பதிந்தவனெல்லாம் படித்தவனா? 2024இல் கிராமங்களில் எடுத்த ஒரு பெரிய கணக்கில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சுமார் பாதிப்பேர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையில்லாமல் வாசித்தார்கள். மற்றப் பாதிப்பேர் ஐந்து வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறார்கள். 2020இல் கொள்ளைநோய்க்காகப் பள்ளிகளை மூடினபோது, செல்போன் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் நடந்தது. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு உள்ள எழுத்தும் மறந்தது.

"உபாத்தியாயர்கள் போதுமான அளவு இருக்கிறார்களே" என்று புள்ளிவிவரம் காட்டுவார்கள். 2024-25இல் தேசத்தில் சுமார் 24 கோடியே 70 லட்சம் பிள்ளைகள், ஒரு கோடிக்குச் சற்று மேற்பட்ட உபாத்தியாயர்கள். வகுத்துப் பார்த்தால் 24, 25 பிள்ளைக்கு ஒரு உபாத்தியாயர். சட்டம் கேட்பது ஆரம்பப் பள்ளியில் 30 பேருக்கு ஒருவர். அப்படியானால் குறையே இல்லையல்லவா? ஆனால் அதே வருஷத்துக் கணக்கிலேயே, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிகளில் ஒரே ஒரு உபாத்தியாயர்தான் என்றும் இருக்கிறது. ஒருவன் இரண்டு படிச் சோறு தின்று ஏப்பம் விடுகிறான், பக்கத்தில் இருப்பவன் பட்டினி. ஆளுக்குச் சராசரி ஒரு படி என்று கணக்கெழுதினால் பட்டினி கிடந்தவன் வயிறு நிறையுமா? ஒரே உபாத்தியாயர் ஐந்து வகுப்புக்கும் பாடம் சொல்லி, சோற்றுக் கணக்கு எழுதி, மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்பி, தேர்தல் வேலைக்கும் போகிற பள்ளியில் யாருடைய பிள்ளைகள் இருக்கின்றன? மந்திரி பிள்ளையா? கலெக்டர் பிள்ளையா? மலைமேலே இருக்கிறவன் பிள்ளையும், சேரியிலே இருக்கிறவன் பிள்ளையும்தான்.

2015இல் அலகாபாத் ஹைகோர்ட்டு ஒரு உத்தரவு போட்டது. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளைச் சர்க்கார் ஆரம்பப் பள்ளியிலேயே சேர்க்க ஏற்பாடு செய்யவேண்டும் என்று. அதிகாரி வீட்டுப் பிள்ளை அங்கே உட்கார்ந்தால், கூரை ஒழுகுவதும் கக்கூசில் தண்ணீர் இல்லாததும் தானாகச் சரியாகிவிடும் என்பது அதன் கருத்து. அந்த உத்தரவு நடைமுறைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை நான் சொல்லித்தானா நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும்?

மற்றொரு விஷயம். 2016இல் குழந்தைத் தொழில் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை எந்தத் தொழிலிலும் வேலை செய்யக்கூடாது என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவி செய்யலாம் என்று ஒரு சந்து விட்டார்கள். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்குக் குடும்பத் தொழில் உதவி என்பது என்ன? சட்டப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதாயிருக்கும். கூலிக்கு வீட்டில் வேலை செய்கிறவள் மகளுக்கோ, விளக்கு வைத்த பிறகும் வேலை மடிமேல் இருக்கும். 1953இல் முன்வாசல் வழியாக வந்து துரத்தப்பட்ட சங்கதி இந்தச் சந்து வழியாக நுழையாதபடி நாம்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அதிகாரமும் நம் கையைவிட்டுக் கொஞ்சங் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. கல்வி மாகாணங்கள் கையில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றினார்கள். அதன் பலன் என்னவென்றால், 2024-25இல், மத்திய சர்க்காரின் புதுக் கல்விக் கொள்கைக்குக் கையெழுத்துப் போட ஒப்பாத தமிழ் நாட்டுக்குப் பள்ளிக் கல்விக்காக வரவேண்டிய இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பணம் நிறுத்திவைக்கப்பட்டது. மூன்று மொழி நல்லதா இரண்டு மொழி நல்லதா என்று வாதம் செய்யட்டும். வாதத்துக்காக உபாத்தியாயர் சம்பளத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் பணயமாக வைப்பது என்ன நியாயம்?

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சர்க்கார் பள்ளி சரியில்லை, ஆகவே கடனை வாங்கியாவது கான்வெண்டில் சேர்த்துவிடுகிறேன்" என்று உங்களில் பலர் நினைக்கலாம். பெற்றவன் மனம் அப்படித்தான் நினைக்கும். அதை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அதன் முடிவை யோசியுங்கள். வசதியுள்ள பத்துப்பேர் முதலில் போகிறார்கள். கேட்க வாயுள்ளவர்கள் அவர்கள்தான். அவர்கள் போனதும் பள்ளியைக் கவனிப்பாரில்லை. அதைப் பார்த்து இன்னும் இருபது பேர் போகிறார்கள். பிறகு பிள்ளை குறைந்துவிட்டதென்று உபாத்தியாயரை மாற்றுகிறார்கள். கடைசியில் பள்ளியை அடுத்த ஊரோடு சேர்த்துவிடுகிறார்கள். அப்போது ஊரில் மிச்சம் யார்? பணம் கட்ட முடியாதவனும், ஆண்பிள்ளைக்குக் கட்டிவிட்டுப் பெண்பிள்ளைக்குக் கட்ட மனம் வராதவன் வீட்டுப் பெண்ணும்தான். அந்தப் பெண்தான் முதலில் நிற்பாள்.

ஆகவே நாம் என்ன செய்யவேண்டும்? பெரிய காரியம் ஒன்றும் சொல்லவில்லை. 2009ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும் என்றிருக்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். தாழ்த்தப்பட்டவர்களுக்கும் ஏழைகளுக்கும் அவர்கள் எண்ணிக்கைக்குத் தக்க இடம். பள்ளிக்கு வருகிற பணத்தின் செலவை மேற்பார்க்கிற அதிகாரம் அதற்கு உண்டு. உபாத்தியாயர் ஒழுங்காக வருகிறாரா என்று கவனிக்கிற கடமையும் உண்டு. இந்த ஊரில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோயில் தர்மகர்த்தா யார் என்று கேட்டால் மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்லுவீர்கள். தேர் இழுக்க ஊர் கூடுகிறது. குழுக் கூட்டத்துக்கு நோட்டுப் புத்தகம் மாத்திரம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறது!

இந்த வாசகசாலையை நடத்துகிற வாலிபர்களுக்குச் சொல்லுகிறேன். அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் போங்கள். பெற்றோராயிருக்கிற தாய்மார்களை முன்னே உட்காரவையுங்கள். எத்தனை உபாத்தியாயர் இருக்கவேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கக்கூஸ் பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். குறையை எழுதி, தேதி போட்டு, பதில் வரும்வரையில் விடாதீர்கள். சாயங்காலத்தில் இந்த வாசகசாலையில் ஒரு விளக்கடியில், வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லுங்கள். சேரிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒரே பாயில் உட்காரட்டும். எட்டாம் வகுப்போடு எந்தப் பெண்ணையாவது நிறுத்தினால் அந்த வீட்டு வாசலில் போய் நின்று, ஏன் என்று கேளுங்கள். சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. பெண்ணுக்கு ஆபத்து வருவது அதற்கு மேலேதான்.

தோழர்களே! அய்யன்காளிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தம் மக்களின் தலையெழுத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நமக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். சட்டமும் இருக்கிறது, ஓட்டும் இருக்கிறது. இவ்வளவும் வைத்துக்கொண்டு நாம் சும்மா இருந்தால், நாளைக்குப் படிக்காமல் நிற்கப்போகிற பிள்ளைக்கு நாம்தான் பதில் சொல்லவேண்டும். இவைகளை நன்றாக யோசித்து உங்களுக்குச் சரியென்று பட்டபடி செய்யும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.